டிஸ்க் பிரேக்கும் விளக்குத் துணியும்

சாலைப் பந்தய சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் தேவையில்லை என்று இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்தேன். எழுதிய இடம் எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப். குழுவில் பதினெட்டுப் பேர். பாதிப் பேர் என் இரண்டாவது பத்தியிலேயே கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆனாலும் நான் பத்தி பிரித்து, எண் கொடுத்து, மேலே ‘பார்வை: எனது முந்தைய குறிப்பு’ என்று போட்டுத்தான் எழுதுவேன். ரயில்வேயில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவனுக்கு வேறு மாதிரி எழுத வராது.

அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளும் எனக்கு பிரேக்தான் வேலை. ஒரு வண்டி கிளம்பும் முன் பெட்டி பெட்டியாகப் பார்த்து, இத்தனை பிரேக் வேலை செய்கிறது என்று சான்றிதழ் எழுதுவோம். அதில் ஓட்டுநர் கையெழுத்துப் போடுவார், ரயிலின் கடைசிப் பெட்டியில் வரும் கார்டு போடுவார், நானும் போடுவேன். மூன்று கையெழுத்தும் விழாமல் வண்டி நகராது. பயணிகளுக்கு இப்படி ஒரு காகிதம் இருப்பதே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்தக் காகிதத்தின் வெற்றி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஓய்வு பெற்றதும் ஒரு பந்தய சைக்கிளை நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினேன். அதில் இருந்தது ரிம் பிரேக். இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும். கம்பியை இழுத்தால் கட்டை அழுத்தும். அவ்வளவுதான் அதன் சாஸ்திரம். டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தின் நடுவில் சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னதாக ஒரு இரும்பு வட்டு, அதைக் கவ்வ இரண்டு பட்டைகள், பட்டைகளைத் தள்ளக் குழாய்க்குள் எண்ணெய். எடை கூடுதல். நடுவழியில் சக்கரம் மாற்றினால் வட்டு எங்காவது உரசிக்கொண்டு கிரீச்சிடும். கடைசியில் வண்டியை நிறுத்துவது டயரும் ரோடும்தான். டயர் பிடிக்காத ரோட்டில் எந்த பிரேக்கும் பிடிக்காது. மேலும், இறக்கத்துக்காகத்தான் டிஸ்க் என்கிறார்கள். திருச்சியில் இறக்கம் என்றால் மலைக்கோட்டைப் படிக்கட்டுதான். அங்கே யாரும் சைக்கிள் விடுவதில்லை.

இதையெல்லாம் நான் எழுத, பதில் எழுதுகிறவர் ஒருவர்தான். காது மூக்கு தொண்டை டாக்டர், எங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர், என்னை விட மூன்று வயது இளையவர், டிஸ்க் வண்டி வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஜீயபுரம் வரை போய், வாழைத்தோப்பு ஓரமாக நின்று டீ குடிக்கும்போது ஆரம்பிப்பார்.

“சார், பழைய ரயில் பெட்டியில கட்டைதானே சக்கரத்த அழுத்தும்?”

“ஆமா.”

“புதுப் பெட்டியில அச்சுல டிஸ்க் மாட்டியிருக்கீங்க. அப்ப என்ன பண்ணீங்க? வாட்ஸ்அப்புல எழுதுனீங்களா?”

“கையெழுத்துப் போட்டேன்.”

“அதத்தான் கேக்குறேன்.”

மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகிற வண்டியும் அறுபத்தாறு வயதுக்காரன் மிதிக்கிற வண்டியும் ஒன்றல்ல என்று சொன்னேன். சொன்னது சரிதான். ஆனால் டீக்கடைக்காரர் கூடச் சிரித்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வரும்போது, சத்திரம் பேருந்து நிலையம் தாண்டும் வரை வெயில் அடித்தது. காவிரிப் பாலத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. பாலம் முடிந்து ஸ்ரீரங்கம் பக்கம் இறங்கும்போது முன்னால் போன டவுன் பஸ், கை காட்டிய ஒரு அம்மாவுக்காக நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். நனைந்த விளிம்பில் ரப்பர் கட்டை முதல் இரண்டு சுற்றுக்குத் தண்ணீரைத்தான் துடைக்கும். அதற்குப் பிறகுதான் பிடிக்கும். அந்த இரண்டு சுற்றுக்குள் நான் பஸ்ஸின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை எல்லாம் படித்து முடித்து, முன் டயரால் அதைத் தொட்டும்விட்டேன். விழவில்லை. வலது கட்டைவிரலின் அடி மட்டும் ஹேண்டில்பாரில் மடங்கி வீங்கியது.

டாக்டர் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் நின்றுவிட்டார். எப்படி நின்றார் என்று சொல்லத் தேவையில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். வீடு வரை வந்து என் மனைவியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போனார்.

என் மனைவி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் மார்க் போடமாட்டாள். அன்று மாலை பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் பேசினாள். பத்தாம் நாள், சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடையின் மெக்கானிக் டிஸ்க் பிரேக் வைத்த பந்தய சைக்கிள் ஒன்றைப் பூட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மகள் அனுப்பியது.

“அப்பா, ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா விடுங்க. ஆனா ஓட்டாம நோட்டீஸ் எழுதாதீங்க.”

இரண்டு முறை ஜீயபுரம் போய் வந்தேன். எரிச்சலூட்டும் அளவுக்கு நன்றாக நின்றது. வீங்கிய கட்டைவிரல் பக்கம் போகாமலே, இரண்டு விரலை மடக்கினால் போதும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ‘பழக வேண்டியிருக்கிறது’ என்று மட்டும் சொன்னேன். அலுவலகத்தில் ஒரு கோப்பைத் தள்ளிப்போட நாங்கள் எழுதும் வாசகம் அது.

மனைவி தள்ளிப்போட விடவில்லை. பொங்கலுக்குப் பிறகு எங்கள் குழு ஒரு பந்தயம் நடத்தும். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு. போன முறை நான் மூன்றாவதாக வந்தேன். முன்னால் வந்த இருவரில் ஒருவர் டாக்டர் என்பதால், இந்த முறை விடுவதாக இல்லை. பயிற்சியை இப்போதே தொடங்க வேண்டும் என்றேன்.

“எந்த வண்டியில?” என்றாள்.

“என் வண்டியிலதான்.”

“அது நிக்குமா?”

“நிக்கும்.”

“நிரூபிங்க.”

அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன். அன்றே சோதனை முறையை எழுதினேன். இடம்: கொள்ளிடக் கரையிலிருந்து இறங்கும் சிறு சரிவு. வேகம்: மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், மீட்டரில் பார்த்துக்கொள்வது. முதல் கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு தப்படி தள்ளி இருக்கும் இரண்டாவது கோட்டுக்கு முன் நிற்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று முறை. மூன்றிலும் நின்றால் தேர்ச்சி. தேறாத வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது. ஏழாவது விதியாக, மறுசோதனைக்கு இடமில்லை என்று எழுதினேன். மகளும் டாக்டரும் பின்னால் வந்து முறையிடுவார்கள் என்று தெரியும், அதற்காகப் போட்டது.

மனைவி படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து ‘காய்ந்த ரோட்டில் மூன்று’ என்று திருத்தி, ‘நனைந்த ரோட்டில் மூன்று’ என்று சேர்த்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரி: இரண்டு வண்டியும் தேறாவிட்டால் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திவிட்டு நடைப்பயிற்சி.

“இது எதுக்கு?”

“ரெண்டும் தேறாட்டி என்ன பண்றதுன்னு நீங்க எழுதல. விட்டுப்போன கேஸ்.”

விட்டுப்போனது உண்மைதான். ரப்பர் கட்டைகளைப் புதிதாக மாற்றியிருந்தேன். நனைந்த ரோட்டிலும் பன்னிரண்டு தப்படிக்குள் நின்றுவிடலாம் என்று என் கணக்கு. கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள்.

இடையில் ஆயுத பூஜை வந்தது.

பணிமனையில் இருந்த காலத்தில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான் ஒரு உத்தரவு ஒட்டுவேன். சுத்தியலுக்குப் பொட்டு வைக்கலாம், அளவுக் கருவியின் பெட்டிக்கு வைக்கலாம், வண்டியின் நெற்றிக்கு வைக்கலாம். சக்கரத்தின் உருளும் பரப்பிலோ டிஸ்க்கிலோ சந்தனம், குங்குமம், எண்ணெய்த் துணி எதுவும் படக் கூடாது. சாமி கும்பிட வேண்டாம் என்கிறான் என்று ஒரு சிலர் மேலிடத்துக்கு மனுக் கூடப் போட்டார்கள். நான் உத்தரவை மாற்றவில்லை. மறுநாள் காலையில் கைவிளக்கோடு போய் ஒவ்வொரு டிஸ்க்காகப் பார்ப்பேன்.

வீட்டில் அன்று வழக்கம் போல் தையல் மெஷின், கத்தி, அரிவாள்மனை, கம்ப்யூட்டர், இரண்டு சைக்கிள் எல்லாவற்றையும் மனைவி கழுவித் துடைத்தாள். பொரியும் கடலையும் வாங்கிவிட்டு நான் உள்ளே நுழைந்தபோது புது சைக்கிளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகள் வாங்கித் தந்த வண்டி என்பதால் கூடுதல் கவனிப்பு. குத்துவிளக்கு துடைக்கிற துணியால் முன் சக்கரத்து டிஸ்க்கைத் தேய்த்தாள். பிறகு பின் சக்கரம். இரண்டும் பளபளத்தன. வண்டியிலேயே வட்டமாக, வெள்ளையாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்த இடம் அதுதான். சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். என் பழைய வண்டிக்கு ஹேண்டில்பாரில் வைத்தாள். அதில் வேறு இடம் இல்லை.

நான் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அந்தத் துணியில் எத்தனை மாத நல்லெண்ணெய் ஊறியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது டிஸ்க்கில் பட்டு, அங்கிருந்து பட்டைக்குள் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்திருந்தால் ஒரு வாக்கியம் போதும். பொரியை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுக் காப்பி போட்டுக் குடித்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை சோதனை. மனைவி கோலப்பொடியில் இரண்டு கோடு இழுத்தாள். சர்வேயர் கூட அவ்வளவு நேராக இழுக்கமாட்டார். நோட்டில் கட்டம் போட்டிருந்தாள். காய்ந்த ரோட்டில் என் வண்டி மூன்று முறையும் நின்றது. புது வண்டி முதல் முறையே யானை பிளிறுவது போல் ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டு இரண்டாவது கோட்டைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை நான் முழுக்கையால் பிடித்தும் நிற்கவில்லை.

“என்னங்க இது, கத்துது?”

“டிஸ்க்னா அப்படித்தான்” என்றேன். எழுதும்போது கை கூசுகிறது.

பிறகு நான்கு வாளித் தண்ணீர். ரோடு நனைந்தது, சக்கரங்கள் நனைந்தன. என் வண்டியில் இறங்கினேன். பிடித்தேன். கட்டைகள் தண்ணீரைத் துடைத்தன. புதுக் கட்டை, பழைய கட்டை என்ற வித்தியாசம் தண்ணீருக்குத் தெரியவில்லை. கோட்டை முக்கால் தப்படி தாண்டி நின்றேன். இரண்டாவது முறை ஒரு தப்படி. கட்டைவிரல் தெறித்தது. மூன்றாவது தேவையில்லை என்றாள். விதிப்படி தேவை என்று சொல்லி இறங்கினேன். அதுவும் தாண்டியது. புது வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அவள் நோட்டை என்னிடம் நீட்டினாள். நான்கு கட்டத்தில் ஒன்றில் மட்டும் டிக்.

“ரெண்டும் பெயில். கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். என் விதி, என் பேனா.

அடுத்த நாள் ஞாயிறு. ஐந்தே முக்காலுக்கு எங்கள் தெருமுனையில் குழுவினர் மணி அடித்துவிட்டுப் போனார்கள். நான் புது நடைச் செருப்பு மாட்டிக்கொண்டு அம்மா மண்டபம் வரை நடந்தேன். நடப்பவர்கள் நல்லவர்கள். சர்க்கரை அளவைக் கேட்கிறார்கள், தங்கள் அளவைச் சொல்கிறார்கள். ஒருவர் கையை முன்னும் பின்னும் வீசி நடப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். அந்த நேரத்தில் குழுவினர் ஜீயபுரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். இனி ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எந்த பிரேக் என்பது எனக்கு அதற்குப் பிறகு பெரிதாகப் படவில்லை. ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு நாள் பேசாமல் இருந்தேன். பேசினால் எதைப் பேச வேண்டும் என்று தெரிந்ததால் பேசவில்லை. மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. மகள் வாங்கித் தந்த வண்டி கூடத்தில் சும்மா நிற்கிறது, அதைப் பூட்டித் தந்த மெக்கானிக் சரியாகப் பூட்டவில்லை, விடலாமா? போன் போட்டாள்.

“நீங்க மாட்டிக் குடுத்த பிரேக் பிடிக்கவே இல்ல. வயசானவர் ஓட்டுற வண்டிங்க. இப்படியா அஜாக்கிரதையா பூட்டுவீங்க?”

அந்தப் பக்கம் அவர் மன்னிப்புக் கேட்பது எனக்குக் கேட்டது. செய்யாத தப்புக்கு.

மதியமே பைக்கில் வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். பை நிறையச் சாவிகள். வண்டியைத் தலைகீழாகப் போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தார். கத்திற்று. ஒரு வெள்ளைக் காகிதத்தால் டிஸ்க்கைத் துடைத்து மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு முறை முகர்ந்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. இது நல்லெண்ணெய் வாசன.”

“நல்லெண்ணெயா?” என்றாள் மனைவி.

“ஆமாங்கம்மா. டிஸ்க்ல எண்ணெ பட்டா அவ்வளவுதான். பிரேக் பட்டை மொத்தமும் எண்ணெயக் குடிச்சிருக்கு. இங்க பாருங்க, டிஸ்க் ஓட்டைக்குள்ள செகப்பா வேற என்னமோ இருக்கு. குங்குமமா?”

மனைவி வண்டியைப் பார்த்தாள். பூஜை அறைப் பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் கணக்கு ஒவ்வொரு வரியாக நடந்து விடைக்கு வருவதை நான் பார்த்தேன்.

“ஐயையோ, நான்தாங்க தொடச்சேன். விளக்குத் துணியில. பொட்டும் நான்தான் வச்சேன்.” மெக்கானிக்கிடம் திரும்பினாள். “உங்களப் போய்த் திட்டிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க.” பிறகு என்னிடம், இது வரை நான் அவளிடம் கேட்டிராத ஒரு குரலில், “என்னாலதாங்க. உங்க சோதனையே கெட்டுப்போச்சு. மறுபடி வைக்கலாம்” என்றாள்.

எனக்கு வேண்டியது அதுதான். மறுசோதனை கிடைத்துவிட்டது, குற்றத்தை ஒப்புக்கொள்ள ஆளும் கிடைத்துவிட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் பெருந்தன்மையாக ஒரு முறை தலையாட்டுவது. அப்படி ஆட்டுகிறவர்களை அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பதவி உயர்வு வந்தது.

“நான் பார்த்தேன்” என்றேன்.

“என்னத்த?”

“நீ தொடச்சத. பொட்டு வச்சத.”

“எப்போ?”

“அப்பவே. வாசல்ல நின்னு.”

“பார்த்துட்டு?”

“காப்பி குடிச்சேன்.”

மெக்கானிக் மின்விசிறியைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். அது ஓடவில்லை.

“அதுல எண்ணெ படக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“உத்தரவே போட்டிருக்கேன். வருஷா வருஷம்.”

“பிரேக் பிடிக்காதுன்னு தெரிஞ்சே அந்தச் சரிவுல இறங்குனீங்க. மூணு தடவ. அப்புறம் தண்ணி ஊத்தி மூணு தடவ.”

“ஆமா.”

“எதுக்கு? டாக்டர்கிட்ட தோக்கக் கூடாதுன்னா?”

அவள் உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. அந்த நோட்டோடு வந்தாள். நான் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுத்து, ‘தேர்வில் முறைகேடு, ரத்து’ என்று எழுதினாள்.

“ஊர்ல இருக்குற ரயிலுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுத்தவரு” என்றாள் மெக்கானிக்கிடம். “எத்தன ரயில்ல நான் போயிருக்கேன் தெரியுமா?”

“அதுல சார் சரியாத்தாம்மா போட்டிருப்பாரு” என்றார் அந்த நல்ல மனிதர்.

“டாக்டர் அந்த ரயில ஓட்டல. அதனால.”

பட்டைகளை மெக்கானிக் மாற்றினார். டிஸ்க்கை ஸ்பிரிட்டில் கழுவினார். மறுசோதனைக்கு விதிகளை அவளே எழுதினாள். என்னைக் கேட்கவில்லை. வாளித் தண்ணீர் கிடையாது, நிஜ மழை. பன்னிரண்டு தப்படி இல்லை, பத்து. முறைகேடு செய்தவர் மறுபடி எழுதும் தேர்வு கடினமாகத்தான் இருக்கும் என்றாள். மழையில் கோலப்பொடி நிற்காது என்பதால் இரண்டு செங்கல்.

ஐப்பசியில் மழைக்கா பஞ்சம். எட்டாம் நாள் காலையில் பிடித்தது. அவள் குடையோடு இரண்டாவது செங்கல் பக்கத்தில் நின்றாள். நான் வந்து நிற்கும்போது கையை நீட்டினால் என்னைத் தொடலாம், அவ்வளவு பக்கம். வண்டி நிற்காவிட்டால் முதலில் இடிபடப்போவது அவள்தான். நகர்ந்து நில் என்று கத்தினேன். நகரவில்லை. இறங்கினேன். முதல் செங்கல் வந்ததும் இரண்டு விரலை மடக்கினேன். எட்டாவது தப்படியில் நின்றேன். மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போய் இறங்கினேன். எட்டு. மூன்றாவது முறை எட்டரை. அவள் குனிந்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நனையாமல் நோட்டில் எழுதினாள்.

பழைய வண்டிக்கு மறுசோதனை கேட்கவில்லை. அது நேர்மையாகத் தோற்றது. மாடியில் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

அன்று மாலை குழுவில் என் கடைசிக் குறிப்பைப் போட்டேன். பார்வை: எனது முந்தைய குறிப்புகள் அனைத்தும். காய்ந்த ரோட்டில், பந்தய வேகத்தில், இரண்டு பிரேக்குக்கும் வித்தியாசம் சொற்பம் என்பதை இப்போதும் சொல்கிறேன். எடை பற்றி நான் எழுதியதும் சரி. ஆனால் காய்ந்திருப்பதாக எந்த ரோடும் எழுதிக் கொடுப்பதில்லை. பிடி தளராது என்று என் வலது கட்டைவிரலும் எழுதிக் கொடுப்பதில்லை. எனவே மேற்படி குறிப்புகள் திரும்பப் பெறப்படுகின்றன. விளக்குத் துணி விவரத்தையும் ஒரு பத்தியில் எழுதினேன். பதினெட்டுப் பேரும் முதல் முறையாகக் கடைசி வரை படித்தார்கள். டாக்டர் எழுதிய பதில் ஒரே வரி: ‘பெறப்பட்டது, கோப்பில் வைக்கப்பட்டது.’

பொங்கலுக்கு இன்னும் ஒன்பது வாரம். அரைக் கிலோ கூடுதல் எடையை வண்டியிலிருந்து குறைக்க முடியாது. என் மேலிருந்து குறைக்கலாம் என்று இரவுச் சாப்பாட்டை மாற்றியிருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் ஜீயபுரம் தாண்டி இன்னும் பத்து கிலோமீட்டர் போய் வருகிறேன். டாக்டரை இந்த முறை விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும் முன் மனைவி வாசலுக்கு வருவாள். முதல் வாரம் விரலால் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்கப் போனாள். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், கூடாது என்று கத்திவிட்டேன். இப்போது சலவை செய்த கைக்குட்டை. முன் டிஸ்க், பின் டிஸ்க் இரண்டையும் ஒரு சுற்றுத் துடைத்து, என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவாள். நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுவாள். பிறகு நான் போட வேண்டும்.

“மூணாவது கையெழுத்து யாரு?” என்று ஒரு நாள் கேட்டேன்.

தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டது.

“டாக்டர் வராருல்ல, நிறுத்திப் போடச் சொல்லுங்க” என்றாள்.

நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, நோட்டை ஹேண்டில்பாரில் வைத்து அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தருவதற்குள் நான் அடுத்த தெருவைத் தாண்டியிருந்தேன்.